நாக்கடியில் கரையும் மாத்திரை

மெத்தடோன் குடித்து ஹெராயினை விட்டு, ஒழுங்காக வேலைக்குப் போய்வரும் ஒருவரைப் பழைய வழக்கொன்றில் பிடித்துச் சிறையில் அடைக்கிறார்கள். அன்றோடு மருந்து நின்றுவிடுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், உறக்கமற்ற இரவுகள். அமெரிக்க உள்ளூர்ச் சிறைகள் பலவற்றில் நெடுங்காலம் இதுதான் வழக்கம். செய்த வினையை அனுபவிக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

மருந்து வேண்டாம் என்பவர்கள் ஈரமற்றவர்கள் அல்லர். மெத்தடோனைப் போலவே இந்தச் சிகிச்சைக்குக் கொடுக்கப்படும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை சிறைக்குள் கைமாறும் என்பது அவர்கள் அச்சம், அது பொய்யுமல்ல. ஆனால் அதற்கு வழி உண்டு. மாத்திரை நாக்கடியில் கரையும்வரை செவிலியர் எதிரிலேயே நிற்கிறார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்க்கிறார். இதற்கு வேண்டியது ஆளும் நேரமும்தான்.

மருந்தை மறுப்பதன் விலையோ உயிர். சிறையில் உடல் பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது. ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-இல் தன் சிறைகளில் மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்சோன் ஆகிய மூன்று மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கியது. அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் அங்கே அளவு மீறி இறந்தவர்களில் 26 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் சிறையில் இருந்தவர்கள். 2017-இன் அதே மாதங்களில் அப்படிப்பட்டவர்கள் 9 பேர். சிறிய எண்கள்தான். ஆனாலும் ஒவ்வொன்றும் ஓர் ஆள்.

'குற்றமே செய்யாத ஏழைக்கு வெளியே கிடைக்காத சிகிச்சை, கைதிக்கு மட்டும் இலவசமா?' என்ற கேள்விதான் கடினமானது. வெளியே இருப்பவர் கடன் வாங்கியாவது மருத்துவரைத் தேடிப் போகலாம். உள்ளே இருப்பவரால் கதவைத் தாண்ட முடியாது. கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இலேயே சொன்னது. ஏழைக்கும் மருந்து கிடைக்க வேண்டும் என்பது நியாயம். அதைக் காட்டிக் கைதியின் மருந்தைப் பிடுங்குவது நியாயமல்ல.

நீதிபதி விதித்தது சிறைவாசம். மருந்தில்லாத சிறைவாசம் அல்ல. கதவைப் பூட்டியவரே உள்ளிருப்பவரின் உயிருக்கும் பொறுப்பு.