இழப்பும் விடாமுயற்சியும்

பல்லாண்டுகளாக இழப்பையே கண்ட ஒருவன், தான் மேற்கொண்ட பங்குச்சந்தை வணிகத்தைக் கைவிடுவதா, தொடர்வதா எனத் தயங்கி நிற்கின்றான். மேலோட்டமாக நோக்குமிடத்து இது வரவு செலவுக் கணக்கினால் தீர்க்கத்தக்க வினாவாகவே தோன்றும். ஆயினும், கணக்கு முடிந்த பின்னரும் தயக்கம் நீங்குவதில்லை. ஆதலின் இவ்வினா பொருளியலின் எல்லையைக் கடந்து ஒழுக்கவியலின் எல்லைக்குள் வந்து சேர்கின்றது.

இது வெறும் கற்பனை வினாவன்று. இந்தியாவிலே பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிமனிதர் பற்றி, செபி எனப்படும் அந்நாட்டுப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியம் 2024 செப்டெம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில், ஒரு கோடிக்கு மேற்பட்ட அவ்வணிகருள் 93 சதவீதத்தினர் இழப்படைந்தனர். சராசரி இழப்புத் தலைக்கு ஏறத்தாழ 2 இலட்சம் இந்திய ரூபா. ஆண்டுக்கு ஆண்டு இழந்தோருள்ளும் முக்காற்பங்கிற்கு மேற்பட்டோர் விலகாது தொடர்ந்தனர் என்பதே அவ்வாய்வில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க செய்தியாகும். இதனை அறியாமை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இழந்தவன் தன் இழப்பை அறியாதவனல்லன். பிறரினும் நன்கறிந்தவன் அவனே.

அவன் கூறும் நியாயமும் வலுவற்றதன்று. தளராத முயற்சியைத் தமிழ் மரபு என்றும் போற்றி வந்துள்ளது. திருக்குறளில் ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரமே உண்டு. எனினும், அதே பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரமும் உண்டு; வரக்கூடிய ஆக்கத்தை எண்ணிக் கைமுதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது அங்குக் கூறப்படும் கருத்துகளுள் ஒன்று. சூது பற்றிய அதிகாரமோ, இழக்குந்தோறும் பற்று மிகும் விந்தையைச் சுட்டுகின்றது. இவை தம்முள் முரண்பட்டவையல்ல. முயற்சி போற்றத்தக்கதாவது அது நிகழும் களத்தைப் பொறுத்தது என்பதே இவற்றை ஒருங்குவைத்து நோக்குவார்க்குப் புலனாகும்.

மழை பொய்த்த நிலத்தை அடுத்த பருவத்தில் மீண்டும் உழுபவனின் முயற்சி புதியதொரு பொருளை விளைவிக்கின்றது. அவனுடைய விளைச்சல் பிறிதொருவனின் இழப்பாக வேண்டியதில்லை. முன்பேர ஒப்பந்தத்திலோ ஒருவன் பெறுவது மற்றவன் இழப்பதே. விலைமாற்றத்திலிருந்து காப்புத் தேடும் வணிகனுக்கு அவ்விழப்புக் காப்புறுதிக் கட்டணம் போன்றதாகலாம். இலாபம் ஒன்றையே நாடுவோர்க்கு அவ்வாறுதலும் இல்லை. தரகும் கட்டணமும் வரியும் கழிந்தபின் அனைவரின் கணக்கையும் கூட்டினால் மிஞ்சுவது இழப்பே. இத்தகைய களத்தில் உழைப்பின் அளவு பெருகுவதனால் மட்டும் பயன் பெருகுவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் அவன் ஏன் விலகுவதில்லை? உளவியலாளரான டானியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகின்றது. உறுதியான சிறிய இழப்பொன்றை ஏற்றுக்கொள்வதிலும், இழப்பே இல்லாது தப்பலாம் என்னும் வாய்ப்புடன் பேரிழப்புக்கும் இடமளிக்கும் வழியையே மனிதர் பெரும்பாலும் விரும்புகின்றனர். ஆயினும் இவ்வுளவியல் உண்மைக்குப் பின்னால் ஓர் ஒழுக்க உண்மையும் மறைந்துள்ளது. விலகும் கணத்தில் அவன் இழப்பது பணத்தையன்று. பணம் முன்னரே போயிற்று. தான் தவறவில்லை என்னும் நம்பிக்கையையே அவன் அப்போது இழக்கின்றான். தொடரும் வரை இழப்பு ஓர் இடைக்கால நிலை. விலகினால் அதுவே தீர்ப்பு. ஆகவே, அவன் செலவிடுவது வருங்கால இலாபத்துக்காக என்பதிலும், கடந்தகாலத்தின் மானத்துக்காக என்பதே பொருந்தும்.

அம்மானத்துக்கு விலை கொடுப்பவர் யார்? பெரும்பாலும் அடகுக்குப் போகும் நகையின் உரிமையாளரான மனைவியும், கல்விக்கென வைத்த பணத்தை இழக்கும் பிள்ளையும், கடன் கொடுத்த நண்பனுமே. தன் தீர்ப்பைத் தள்ளிப்போடும் செலவைப் பிறர்மேற் சுமத்துவது அறமாகாது.

இழந்த ஆண்டுகள் கல்வியாகப் பயன்பட்டிருக்கக் கூடாதா எனச் சிலர் வினவலாம். பயன்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் அதனைச் சோதிக்கவும் வழியுண்டு. இதே அறிவும் இதே கைமுதலும் உடையவனாய், முன்னிழப்பு யாதுமின்றி இன்று புதிதாக வந்து நிற்கும் ஒருவன் இவ்வணிகத்தில் இறங்குவானா? இறங்கான் எனின், பழைய இழப்பைத் தவிர அவனைத் தடுத்து வைத்திருக்கும் காரணம் வேறில்லை. இழக்குமுன்னரே தன் எல்லையை வகுத்து, அதனைத் தன்னைச் சார்ந்தோர்க்கும் அறிவித்து, அவ்வெல்லையில் நிற்பவனை முயற்சியாளன் எனலாம். எல்லை நெருங்குந்தோறும் அதனை அப்பால் நகர்த்துபவன் முயற்சியாளன் அல்லன், பற்றில் அகப்பட்டவன்.

எனவே விலகுதலைக் கோழைமை எனக் கொள்ளுதல் தகாது. உழைக்கும் குணத்தை அவன் கைவிடவில்லை. அதற்குரிய வேறு களத்தையே நாடுகின்றான். போன ஆண்டுகளை எந்த இலாபமும் திருப்பித் தரப்போவதில்லை. அவை தவறிப்போயின என்று தன் வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லும் நேர்மை ஒன்றே, அவற்றிலிருந்து அவன் பெறக்கூடிய ஊதியம்.