களைவதும் கருணையா?

நேற்று மாலைவரை செழித்து நின்ற தக்காளிச் செடி, இன்று நண்பகலில் தலை தொங்கி நிற்கிறது. இலைகளில் புள்ளியில்லை, மஞ்சளில்லை. பச்சை மாறாமலே செடி துவண்டுவிட்டது. வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் அன்பர்கள் பலர் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். உடனே நம் கை பூவாளியை நாடுகிறது. வாட்டம் என்றால் தாகம் என்பது நம் அனுமானம்.

நியாய சாஸ்திரம் பயில்வோர் இதன் குறையை எளிதில் காண்பர். நீரின்றேல் செடி வாடும் என்பது உண்மை. ஆனால் வாடிய செடியெல்லாம் நீரின்றி வாடியதன்று. மண்ணில் வாழும் ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா, வேரிலுள்ள காயங்களின் வழியே புகுந்து, தண்டின் நீர்க்குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடும். வேரடியில் ஈரம் இருக்க, உச்சி வாடும். இதை அறியும் வழி எளியது. வாடிய செடியின் அடித்தண்டை ஒரு துண்டு வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அதன் முனை மூழ்குமாறு பிடித்தால், சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிழைகள் கீழே இறங்கும். அதன்பின் ஐயத்திற்கு இடமில்லை. அச்செடியைக் காக்கும் மருந்தும் இல்லை.

யோக சூத்திரத்திற்கு உரை செய்த வியாசர், மருத்துவ சாஸ்திரம் நோய், நோயின் காரணம், நோயின்மை, மருந்து என நான்கு பகுதிகளை உடையது என்றும், யோகமும் அத்தகையதே என்றும் கூறுகிறார். மருந்து அங்கே நான்காவதாக வருகிறது. நாமோ பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கர்நாடகத்தின் மலைநாட்டில் ஓர் ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது, காய்கறித் தோட்டத்தின் பொறுப்பு சில மாதங்கள் என்னிடம் இருந்தது. மழை ஓய்ந்த சமயம், வாய்க்காலின் மேல்முனையில் இரண்டு செடிகள் துவண்டன. ஒன்றை வெட்டிப் பார்த்தோம், வெண்ணிழை இறங்கியது. மற்றொன்றில் பதினொரு காய்கள் இருந்தன. "இதையும் எடுத்துவிடலாம், சுவாமிஜி" என்றார் தோட்டக்காரர். "நாளை பார்ப்போம்" என்றேன். நோயின் தொடக்கத்தில் செடி இரவில் சற்றே நிமிர்வதுண்டு. விடியலில் அதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அந்த 'நாளை' ஐந்து நாள்களாயிற்று. அதன் வேரைத் தொட்ட நீரே வாய்க்காலில் கீழிறங்கியது. இரண்டு வாரங்களுக்குள் மேலும் ஏழு செடிகள் போயின. அனைத்தும் அவர் விதையிட்டு வளர்த்த நாற்றுகள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

ஓருயிரைப் பிடுங்கி எறிவது ஹிம்சையல்லவா என்று அந்த ஐந்து நாள்களும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஆராய்ந்தபோது, என் இரக்கம் செடியின்மீது கொண்டதன்று என்பது புலப்பட்டது. காக்க இயலாததைக் காப்பதாக எண்ணியது, 'நான் நட்டது', 'நான் எண்ணி வைத்த காய்கள்' என்ற மமகாரமே. கருணையாக இருந்திருந்தால், கீழே நின்ற செடிகளையும் அது பார்த்திருக்கும். அர்ஜுனனின் தயக்கமும் கருணையின் வேடத்தில்தானே வந்தது!

ஆனால் இதை மனிதர்களுக்குப் பொருத்தி, 'தீயவரைக் களைந்துவிடு' என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. செடி தன் நோயை அறியாது, திருந்தவும் அறியாது. மனிதன் இரண்டும் அறிவான். செடிகளிடத்தும் அவசரம் கூடாது. காயின் அடிப்பகுதி கறுத்து அமிழ்ந்திருந்தால் அது தொற்றுநோயன்று. ஒழுங்கின்றி நீர் பாய்ச்சுவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாத குறை. அடியிலைகளில் வளையம் வளையமாகப் புள்ளி தோன்றினால், பெரும்பாலும் அவ்விலைகளைக் கிள்ளி அகற்றி, மேலே நீர் தெளிக்காமல் இருப்பதே முதல் வைத்தியம். இவற்றுக்காகச் செடியைப் பிடுங்குவதும் அறியாமையே.

நோயுற்ற செடிகளை வேர்மண்ணோடு பையிலிட்டு அகற்றினோம், எருக்குழியில் போடவில்லை. மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்தோம். அந்தப் பாத்தியில் தக்காளி மட்டுமன்றி, அதே குடும்பத்தைச் சேர்ந்த கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் வைக்காமல் மக்காச்சோளம் விதைத்தோம். அடுத்த பருவத்திற்கு, பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, இந்நோயைத் தாங்கும் அர்க்கா ரக்ஷக் ரகத்தை வேறிடத்தில் நட்டோம்.

அங்கும் ஒரு நண்பகலில் ஒரு செடி துவண்டது. நான் கத்தியைத் தேடினேன். தோட்டக்காரர் குனிந்து வேரடி மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. ஒரு குடம் நீர் ஊற்றினார். மாலையில் செடி நிமிர்ந்தது. மறுநாள் உச்சி வெயிலிலும் நிமிர்ந்தே நின்றது.