உறங்குகிறவரின் கை

மறையுரை நேரத்தில் உறங்குகிறவர்களைப் பற்றி நெடுங்காலம் எனக்கு உறுதியான ஒரு கருத்து இருந்தது. இரவெல்லாம் தொலைக்காட்சி பார்த்தவர்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவருக்குரிய நாளாகக் கருதாதவர்கள் என்பதே அது. துரோவா நகரில் தூய பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தபோது, சன்னலில் அமர்ந்திருந்த யூத்திகு என்னும் இளைஞர் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த நிகழ்ச்சியை எச்சரிக்கையாகப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன். பவுல் அந்த இளைஞரைக் கடிந்துகொள்ளவில்லை, இறங்கி வந்து அணைத்துக்கொண்டார் என்பதும் அதே பகுதியில்தான் இருக்கிறது. அதை நான் அவ்வளவாக அழுத்திச் சொன்னதில்லை.

இப்போது பள்ளிப்பட்டுப் பகுதியில் பணியாற்றும் நான், முன்பு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய பங்கு ஒன்றில் இருந்தேன். இரும்பாலையில் மூன்று ஷிப்டுகளும் மாறி மாறி வேலை செய்த ஒருவர், வாரந்தோறும் முன்வரிசையில் அமர்ந்து, வாரந்தோறும் உறங்குவார். ஒரு ஞாயிறன்று பீடத்திலிருந்தே அவரைப் பெயர் சொல்லி எழுப்பினேன். சிலர் சிரித்தார்கள். அடுத்த வாரம் முதல் அவர் கோவிலின் பின்புறத் தூணருகே, திருப்பலி முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். அமர்ந்தால் உறங்கிவிடுவோம் என்று அஞ்சி நின்றார். என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று நான் எண்ணிக்கொண்டேன். அவருடைய மனைவி ஒருநாள், “சாமி, குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு நின்னுபோகும். மூச்சே இருக்காது. நான் தட்டி எழுப்பினாத்தான் மறுபடி வரும்” என்றார். “குறட்டை நின்றால் உங்களுக்கு நிம்மதிதானே அம்மா” என்று வேடிக்கையாகப் பதில் சொன்னேன்.

அந்த அம்மா ஒரு நோயின் இலக்கணத்தைத்தான் சொல்லியிருந்தார். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்று நின்றுவிடுகிறது, அல்லது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இத்தகைய தடைகள் மணிக்கு 5 முதல் நோயாகவும், 30 முதல் கடும் நோயாகவும் கணக்கிடப்படுகின்றன. ஸ்லீப் அப்னியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு தடையின்போதும் மூளை உடலை உலுக்கி எழுப்புகிறது. எழுந்தது எழுந்தவருக்கே தெரிவதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தவர், உறங்காதவராகவே காலையில் எழுகிறார். தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றான சோம்பலை, தூய தாமஸ் அக்குவினா உறக்கமாகக் கொள்ளவில்லை. ஆன்ம நலனைக் குறித்த ஒருவகைத் துயரமாகவே அதை வரையறுத்தார். துயரத்துக்கு மருந்தாக உறக்கத்தையும் குளியலையும் பரிந்துரைத்தவரும் அவரே. குருமடத்தில் படித்து, தேர்வும் எழுதி, மறந்துபோன பாடம் இது.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் ஒரு சாட்சி தேவைப்படுகிறது. கணவருக்கு மனைவி, மனைவிக்குக் கணவர். குருக்களாகிய எங்களுக்கு அந்தச் சாட்சி இல்லை. பல ஆண்டுகளாகக் காலைத் தலைவலியோடும், மாலைச் செபத்தில் அயர்ந்துபோகும் கண்களோடும் நான் வாழ்ந்ததை வயதின் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஆண்டுத் தியானத்துக்குச் சென்ற இடத்தில் அறைகள் போதாமல், மூத்த குரு ஒருவரோடு தங்க நேர்ந்தது. விடிந்ததும் பார்த்தால் அவர் கண்கள் சிவந்திருந்தன. என் மூச்சு நின்றபோதெல்லாம் எழுந்து அமர்ந்து, அது திரும்பும்வரை செபமாலை மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாராம். எத்தனை முறை என்று ஒரு தாளில் கோடு போட்டும் வைத்திருந்தார். பின்னர் சென்னையில் உடலெங்கும் கம்பிகளைப் பொருத்தி ஓர் இரவு நடத்திய சோதனையில் கிடைத்த எண், அந்தத் தாளின் கணக்கிலிருந்து அதிகம் விலகவில்லை.

எனக்குக் கிடைத்தது சி-பாப் என்னும் கருவி. பந்தலைக் கால் தாங்குவதுபோல், மூக்குக் கவசத்தின் வழியே செலுத்தப்படும் காற்று தொண்டையைத் தாங்கி நிற்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் ஐந்து நோயாளிகளைக் கொண்டு இதன் பயனை வெளியிட்டார். அதற்கு முன்பு, கடும் நோய்க்குக் கழுத்தில் துளையிடுவதே உறுதியான வழியாக இருந்தது. ஆகவே இது பெரும் கொடை என்பதில் எனக்கு ஐயமில்லை.

கொடையை வாங்கிக்கொள்வதுதான் கடினமாக இருந்தது. பத்து நிமிடத்தில் என் தலையில் வாரைப் பூட்டி, “பழகிவிடும் ஃபாதர்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கொண்டுவந்த பெட்டியைக் கட்டிலருகே வைத்தேன். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கத்து மக்கள் விசைத்தறியின் ஓசையிலேயே உறங்கிப் பழகியவர்கள். கருவியின் மெல்லிய இரைச்சல் என்னையும் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் கவசத்தின் ஓரத்தில் கசிந்த காற்று கண்ணில் அடித்தது. நாக்கு காய்ந்த வாழைச் சருகானது. மின்சாரம் நின்ற இரவில் திடுக்கிட்டு எழுந்தேன். மற்ற நாள்களில் காலையில் பார்த்தால் கவசம் தரையில் கிடக்கும். எப்போது கழற்றினேன் என்பது எனக்கே தெரியாது. எட்டாம் நாள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுபடி சென்றபோது, கருவியின் நினைவு அட்டையைக் கணினியில் செருகிப் பார்த்த மருத்துவர், “நீங்கள் ஒத்துழைக்கவில்லை” என்றார். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அறநெறி இறையியலில் முதல் ஆண்டே கற்பிக்கப்படும் பாகுபாடு ஒன்று உண்டு. அறிவோடும் விருப்போடும் செய்வதே மனிதச் செயல். இருமுவது, உறக்கத்தில் புரளுவது போன்றவை மனிதரிடத்தில் நிகழ்கின்றனவே தவிர, அவற்றுக்கு அவர் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் கவசத்தைப் பிடுங்கிய கை என்னுடையதுதான், செயல் என்னுடையதன்று. அலமாரியைப் பூட்டியது விழிப்பில் செய்த செயல். அதை மறுக்க மாட்டேன். ஆனால் நினைவு அட்டைக்கு இவ்விரண்டும் ஒன்றே. மணிகளை மட்டும் அது எண்ணுகிறது. அமெரிக்காவில் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு, முதல் மூன்று மாதங்களுக்குள் தொடர்ந்து 30 நாள்களில் 70 விழுக்காடு இரவுகளாவது 4 மணி நேரம் அணிந்திருந்தால்தான் கருவிக்கான செலவைத் தொடர்ந்து ஏற்கும். உறங்குகிறவரிடம் கணக்குக் கேட்கும் சட்டம் இது.

விழித்திருப்பவர்களிடம் யார் கணக்குக் கேட்பது? 2021 சூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம், தன் கருவிகளின் உள்ளே ஓசையடக்க வைத்திருந்த பஞ்சு சிதைந்து துகளாகி மூச்சோடு கலக்கக்கூடும் என்று அறிவித்து அவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கியது. உலகெங்கும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள். மாற்றுக் கருவிக்காகப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அணிந்தால் துகள், அணியாவிட்டால் அடைப்பு. அந்த நிலையில் கருவியைக் கழற்றி வைத்தவரையும் நினைவு அட்டை ஒத்துழைக்காதவர் என்றே காட்டியிருக்கும்.

1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்கவியல் மருத்துவர்கள் செயற்கை மூச்சுக் கருவிகளைப் பற்றி எழுப்பிய வினாக்களுக்கு விடையளித்தார். உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டவர்கள். எது வழக்கமானது என்பது ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றைப் பொறுத்தது. தனக்கோ பிறருக்கோ கடும் சுமையாவது அக்கடமைக்குள் வராது என்பது அவர் விடையின் சாரம். எனக்கு மறைமாவட்டம் உதவியது. இரும்பாலைத் தொழிலாளிக்கு மாதக்கணக்கான ஊதியத்தை விழுங்கும் கருவி எப்படி வழக்கமான வழியாகும்? வழக்கமானதாக அதை ஆக்கித்தர வேண்டிய கடமை நோயாளியிடம் இல்லை. இந்தப் பகுதியை நான் இன்னும் முழுதாகச் சிந்தித்து முடிக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியவர் வேறொரு மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர். நாற்காலியில் அல்ல, கட்டிலில் என்னைப் படுக்கச் சொல்லிக் கவசத்தைப் பொருத்தினார். படுத்தால் முகத்தின் வடிவமே மாறுகிறது என்றார். தவக்காலத்தில் தொடங்கி நான் பெருமையோடு வளர்த்த தாடிதான் கசிவுக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். (அதை இழந்தது உள்ளபடியே வருத்தம்தான்.) காற்றை ஈரமாக்கும் நீர்ப்பெட்டியைச் சேர்த்தார். பகலில் புத்தகம் வாசிக்கும்போது அரைமணி நேரம் அணிந்து பழகச் சொன்னார். வாரம் ஒருமுறை தாமே தொலைபேசியில் அழைத்தார். ஒருமுறைகூட ஒத்துழைப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. ஏழாம் வாரத்தில் முதன்முறையாக விடியும்வரை உறங்கினேன்.

அதன் பிறகு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்லியும் சற்று நேரம் நின்றார். பீடத்திலிருந்து எழுப்பிய நாளைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவிருந்தது. மனைவி, கருவியின் விலை என்ன என்று கேட்டார். சொன்னேன். பேசாமல் இருந்தார். அரசு மருத்துவமனையில் சோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம். கருவிக்கு என்ன வழி என்பது இன்னும் தெளியவில்லை.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியில் உறங்கிப்போனார். அந்த அம்மா பதறி எழுப்பக் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். குறட்டை நின்றது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது திரும்புவதற்காகக் காத்திருந்தோம்.