கருப்பனாக யார் நடிப்பது?

2023 மலையகத் தமிழருக்குக் கனமான வருடம். கோப்பித் தோட்டங்களுக்கென்று 1823இல் நம் முன்னோர் கொண்டுவரப்பட்டு இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. அந்த நினைவில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் நடந்தே வந்தது. அதே வருடம் மே மாதத்தில் டிஸ்னியின் கடற்கன்னிப் படம் வெளியானது. 1989இன் கார்ட்டூனில் வெள்ளைத் தோலும் சிவந்த கூந்தலுமாக மனத்தில் பதிந்துபோன ஏரியலாக ஹாலி பெய்லி என்ற கறுப்பினப் பெண் நடித்திருந்தார். அதற்காக உலகம் முழுவதும் சண்டை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும்கூட நம் பிள்ளைகள் கைபேசியை வைத்துக்கொண்டு இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள்.

ஒக்டோபரில் '800' என்ற படம் வந்தது. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கை. அவருடைய தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முதலில் விஜய் சேதுபதிதான் நடிப்பதாக இருந்தது. 2020இல் தமிழகத்தில் அரசியல் எதிர்ப்பு எழுந்ததும் விலகிக்கொண்டார். பிறகு முரளியாக நின்றவர் ஆக்ராவில் பிறந்த மதுர் மிட்டல். என் காதில் விழுந்த பேச்செல்லாம் அரசியலில் முரளி யார் பக்கம் என்பதாகவே இருந்தது. கண்டியில் பிறந்த ஒரு மலையகத்தானின் கதைக்கு மலையகத்துப் பையன் ஒருவனைத் தேடிப் பார்த்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடற்கன்னியின் நிறத்துக்காக இரவெல்லாம் வாதாடிய பிள்ளைகளும் கேட்கவில்லை. அதுதான் என்னை வருத்தியது.

முரளி இருக்கிற மனிதர். கற்பனையில் பிறந்த நம் நாயகர்களுக்கு என்ன நேர்ந்தது? இதற்குப் 'பரதேசி'யைப் பார்க்க வேண்டும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலை எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். கருப்பன், வள்ளி என்ற தம்பதி, ஆசை வார்த்தை காட்டிக் கூட்டிப்போகும் மேஸ்திரி, தீராத முன்பணக் கடன், காய்ச்சலில் மடியும் லயம். ஆனைமலையின் பெயரை எடுத்துவிட்டு மஸ்கெலியா என்று போட்டால் ஒரு வரியும் மாற வேண்டாம். நம் வீட்டுக் கிழவிகள் சொன்ன கதைதான் அது.

2013இல் பாலா அதைப் படமாக்கினார். கருப்பனும் வள்ளியும் ராசாவாகவும் அங்கம்மாவாகவும் ஆனார்கள். ராசாவாக நடித்த அதர்வாவுக்குத் தலைமயிரை ஒட்ட வெட்டி, தோலைக் கறுப்பாக்கினார்கள். அங்கம்மாவாக நடித்த வேதிகாவுக்கும் கருமை பூசினார்கள். பூர்ணிமா ராமசாமியின் உடை வடிவமைப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. இருவரும் உழைத்துத்தான் நடித்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. நான் கேட்பது வேறு. பிறவியிலேயே அந்த நிறமும் அந்த எலும்பும் உள்ள ஆயிரக்கணக்கானோர் வால்பாறையிலும் மூணாறிலும் கொழுந்துக் கூடையோடு நிற்கும்போது, வெளுத்த தோலைத் தேடிப் பிடித்து அதன்மேல் கருப்பைப் பூசுவது எதற்கு? துயரம் நம்முடையது, திரையில் அதைத் தாங்கும் முகம் மட்டும் நம்முடையதாக இருக்கக் கூடாதா? அதே படத்தில், நாவலில் தொழிலாளிக்காக நிற்கும் மருத்துவர் குத்தாட்டம் போட்டு மதம் மாற்றுகிறவராகி விட்டதையும் நான் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். யார் எப்படித் தெரிய வேண்டும் என்ற தீர்ப்பு ஒவ்வொரு முறையும் தோட்டத்துக்கு வெளியிலேயே எழுதப்படுகிறது.

வெள்ளைக்காரன் காலத்திலும் இதுதான் நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கி 1954இல் ஹாலிவுட் எடுத்த 'எலிஃபண்ட் வாக்' படத்தில் எலிசபெத் டெய்லர் துரைசானி. பங்களாவை ஆட்டிவைக்கும் அப்புஹாமி என்ற சிங்களப் பாத்திரத்தில் நடித்தவர் ரங்கூனில் பிறந்த யூதரான ஆபிரகாம் சோஃபேர். நம்மவர்களுக்குப் பின்னணியில் நிற்கும் வேலை.

இப்படிச் சொல்வதால், அவரவர் வேடத்தை அவரவர்தான் கட்ட வேண்டும் என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. மாசி வளர்பிறையில் காமனை ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் செய்யும்வரை தோட்டமே மன்மதனைச் சிவன் எரித்த கதைக்குள் வாழும். எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் பகலில் கவ்வாத்து வெட்டும் ஆள். கை முழுக்கத் தழும்பு. விரதமிருந்து, அரிதாரம் பூசி, சேலை கட்டி, தப்பு முழங்க அவர் காமன் பொட்டலுக்குள் இறங்கும்போது அவர் ஆண் என்று ஒருவருக்கும் தோன்றாது. மன்மதன் எரிந்த பின் அவர் அழும் அழுகைக்குக் கூடவே அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கலை என்றால் அதுதான், ஒருவர் இன்னொருவராவது. ஆனால் ரதியாக யார் என்பதை லயத்து ஆட்களே கூடி முடிவு செய்தார்கள். இன்று ரதி, அடுத்த வருடம் சிவன், அதற்கடுத்து எமன் என்று எல்லா வேடங்களும் எங்களுக்குள்ளேயே சுற்றின. (அங்கும் சாதி பார்த்தார்கள். தப்படிப்பது இன்னார் வேலை என்று ஒதுக்கியதை நான் மறைக்கப் போவதில்லை. வேடம் மறுக்கப்படும் வலி என்னவென்று அவர்களைக் கேட்டால் தெரியும்.)

ஆகவே கடற்கன்னி கறுப்பானதும் கருப்பன் வெளுத்ததும் ஒன்றல்ல. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஓர் ஏரியல் போனால் நூறு இளவரசிகள் மிச்சம். ஒருத்தி நிறம் மாறுவதால் அதற்கு எதுவும் குறையாது, கறுப்பினப் பிள்ளைக்கோ ஒரு முகம் கிடைக்கிறது. ஹாலி பெய்லி நடித்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்மிடம் இருப்பது ஒரு கருப்பன். அவனையும் கொடுத்துவிட்டால் திரையில் நமக்கு யாரும் இல்லை.

முகம் தெரிந்தவரைப் போட்டால்தான் முதல் திரும்பும் என்பார்கள். பணம் போடுகிறவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது விதியல்ல. 1975இல் தோட்டத் தொழிலாளர் வாழ்வைச் சொன்ன 'புதிய காற்று' படத்தை எடுத்த வி. பி. கணேசன் தொழிற்சங்கக்காரர். நாயகனாகவும் அவரே நடித்தார். தமிழகத்துப் பெரிய படங்களுக்கு நடுவே அது தியேட்டரில் ஓடியது. 2018இல் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமியாக வந்தவர் பெரிய நட்சத்திரம் அல்லாத ஆண்டனி. சுற்றி நின்றவர்களில் பலர் அந்த மலையடிவாரத்து மக்கள். அதைத் தயாரித்தவர் விஜய் சேதுபதி. அவரே அந்த மூட்டையைத் தூக்கியிருந்தால் வசூல் கூடியிருக்கும். தூக்காமல் ஒதுங்கி நின்றதற்காக நான் அவரை மதிக்கிறேன்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' எல்லாம் திரைக்கு வரத்தக்க நாவல்கள். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர் இவற்றைத் தேடி வரும் நாள் தூரத்தில் இல்லை. வருகிறவரிடம் ஒன்று கேட்கிறேன். நடிகர் தேர்வை முதலில் ஹட்டனில் வையுங்கள், தலவாக்கலையில் வையுங்கள், பொகவந்தலாவையில் வையுங்கள். கூத்தாடியவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அவர்களைப் பார்த்து முடித்த பிறகு நீங்கள் யாரைத் தேர்ந்தாலும் நான் வந்து பார்ப்பேன்.