விட்டபின் வரும் வலி

குடியை விட்டவருக்கு உடல்நலமும் மன அமைதியும் உடனே கிட்டிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பலருக்கு முதலில் வந்து சேர்வதோ வலி. மூட்டை சுமந்தவரும், வலை இழுத்தவரும், கல் உடைத்தவரும் குடிக்கத் தொடங்கிய நாளில் சொன்ன காரணம் பெரும்பாலும் 'உடம்பு வலி' என்பதே. அதனை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். பாதி சாக்காக இருக்கலாம், மறுபாதி உண்மை. மது சிறிது நேரம் வலியை மரத்துப்போகச் செய்கிறது. பல்லாண்டு மரத்துக் கிடந்த முதுகும் முழங்காலும், குடி நின்ற பிறகு விழித்துக்கொள்கின்றன. நீண்ட நாள் குடி நரம்புகளைக் கெடுத்துப் பாதங்களில் தீராத எரிச்சலை உண்டாக்குவதும் உண்டு. அபின் வகை மருந்துகளுக்கு அடிமையானவர் நிலை இன்னும் விந்தையானது. வலியைத் தணிக்க வந்த மருந்தே நாளடைவில் உடலை வலிக்கு மேலும் கூர்மையாக்கிவிடுகிறது. உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டால் வலி மிகுகிறது, வலி மிகுந்தால் சினம் எழுகிறது, சினத்தோடு படுத்தவருக்கு உறக்கம் ஏது?

இந்நிலையில் இருப்பவருக்கு நம்மவர் தரும் அறிவுரை ஒன்றுண்டு: "ஆண்டவருக்கு ஒப்புக்கொடு." துன்பத்தை ஒப்புக்கொடுத்தல் நம் முன்னோர் போற்றிய நெறி, அதனை இகழ எனக்கு எண்ணமில்லை. ஆயினும் குடிநோயாளியிடம் இதைச் சொல்லும்போது நம் உள்ளத்தில் வேறொரு எண்ணமும் ஒளிந்திருக்கிறதோ என்று ஐயுறுகிறேன். 'தானே தேடிக்கொண்டது, படட்டும்' என்னும் எண்ணமே அது. தன் செயலால் வந்த வலியைத் தணித்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டா? கேள்வியை இப்படி வெளிப்படையாக வைத்தால் எவரும் 'இல்லை' என்று சொல்லமாட்டோம். நடைமுறையில் சொல்லாமல் சொல்கிறோம்.

சிலுவையடியில் வெள்ளைப்போளம் கலந்த மதுவை ஆண்டவர் ஏற்க மறுத்தார் என மாற்கு எழுதியிருப்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவர் மறுத்தது தமக்காக. தம்மை நாடி வந்த நோயாளி எவரையும் 'பொறுத்துக்கொள்' என்று திருப்பி அனுப்பியதாக நற்செய்தியில் இல்லை. தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றி எழுதும் பவுலடியாரும், அதை நீக்குமாறு மும்முறை மன்றாடிய பின்னரே அதனோடு வாழ இசைந்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று மயக்க மருந்து வல்லுநரிடையே உரையாற்றியபோது, வலி தணிக்கும் மருந்தை மறுக்கும் கடமை கிறிஸ்தவருக்கு இல்லை எனத் தெளிவுபடுத்தினார். இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தின் பொருள் குறித்து 1984இல் எழுதிய திருத்தூது மடலின் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியரைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். அச்சமாரியர் குற்றுயிராய்க் கிடந்தவரின் காயத்தைக் கட்டினாரேயன்றி, அந்த ஆபத்தான வழியில் ஏன் தனியே வந்தாய் என்று கேட்கவில்லை.

சீன மறைசாட்சி புனித மாற்கு ஜி தியான்சியாங் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. அவர் ஒரு மருத்துவர். தம் வயிற்று நோய்க்காக உட்கொண்ட அபின் அவரை அடிமையாக்கிற்று. மீண்டும் மீண்டும் அதே பாவத்தை அறிக்கையிடுபவருக்கு மனந்திருந்தும் எண்ணமே இல்லை என்று கருதப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அருட்சாதனங்கள் அவருக்கு மறுக்கப்பட்டன. அவர் ஆலயத்திற்கு வருவதை நிறுத்தவில்லை. 1900இல் குடும்பத்தாருடன் கொல்லப்பட்டார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரைப் பற்றிய குறிப்புகளில் அபினுக்குக் கிடைக்கும் இடம், அதற்கு முன் வந்த வயிற்று வலிக்குக் கிடைப்பதில்லை. நாமும் அப்படித்தான் பார்க்கிறோம்.

எனவே, மீண்டு வருபவர் தம் வலிக்கு மருத்துவம் தேடுவது வலுவின்மையன்று. மீட்சியின் ஒரு பகுதியே. ஆனால் தம் பழைய அடிமைநிலையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கத்தால் மறைத்தவர், பல் பிடுங்கவோ எலும்பு முறிவுக்கோ சென்று, பழக்கமுண்டாக்கும் மாத்திரையோடு வீடு திரும்புவது அரிதன்று. அவ்வகை சாராத மருந்துகள், இயன்முறை மருத்துவம், அளவான நடை என்று வழிகள் பல உள. ஈரல் பழுதுபட்டவர் பாராசிட்டமாலைக்கூட அளவு கேட்டே உட்கொள்ள வேண்டும்.

சினத்திற்கு வருவோம். நோயுற்றவர் எளிதில் துயருறுகின்றனர், ஆகவே எளிதில் சினமுறுகின்றனர் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் எழுதினார். துயரைத் தணிக்கும் வழிகளாக அவர் கூறுவனவற்றுள் அழுகையும், நண்பர் பரிவும், உண்மையை எண்ணி நிற்றலும் உண்டு; உறக்கமும் குளியலும்கூட உண்டு! அத்துணைப் பெரிய இறையியல் நூலில் குளியலுக்கு இடம் கிடைத்ததை எண்ணி நான் மகிழ்வதுண்டு. 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தோழமையில், கிண்ணத்தை மீண்டும் எடுக்கவைக்கும் நிலைகளாக நான்கைச் சொல்வார்கள்: பசி, சினம், தனிமை, களைப்பு. நாம் மறையுரையில் சினத்தை மட்டும் கண்டிக்கிறோம். பட்டறிந்தவர்கள் அதனைப் பசிக்கும் களைப்புக்கும் நடுவே வைத்துப் பார்க்கிறார்கள். கோபம் மூளும் நேரத்தில் 'சாப்பிட்டீர்களா, உறங்கினீர்களா' என்று கேட்பது ஆன்மிகம் அல்லாத கேள்வியன்று.

இதனால் வலியே பழியை ஏற்கும், அவர் தப்பிக்கலாம் என்பதாகாது. சினம் எழுவதற்கு அவர் முழுப் பொறுப்பாளி அல்லர்; எழுந்த சினத்தால் கை என்ன செய்தது என்பதற்குப் பொறுப்பாளியே. அடித்தவருக்கு முதுகுவலி என்பதால் அடிபட்டவளுக்கு நோவு குறைவதில்லை. "இன்று வலி அதிகம், ஒரு மணி நேரம் என்னைத் தனியே விடு" என்று சொல்லப் பழகுவதற்குக் காலம் பிடிக்கும். அதனைச் சினமற்ற வேளையில்தான் பழக முடியும்.

பல வீடுகளில் வேறொன்றும் நிகழ்கிறது. கணவர் குடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளெல்லாம் வாய் திறவாத மனைவி, அவர் குடியை விட்டபின் சீறத் தொடங்குகிறாள். "விட்ட பிறகும் ஏசுகிறாளே" என்று அவர் பங்குத்தந்தையிடம் முறையிடுகிறார். நாமும் அவளையே பொறுமையாயிருக்கச் சொல்கிறோம். பேசினால் அடி விழாது என்று அவளுக்கு இப்போதுதான் துணிவு வந்திருக்கிறது. அவளுடைய சினம் காலம் தாழ்ந்து வந்த நீதியின் குரல் என்றே எனக்குப் படுகிறது. அதைக் கேட்டு அமர்ந்திருப்பது அவருக்குக் கடினம். வலியோடு கேட்பது மேலும் கடினம். அவளும் அத்தனை ஆண்டுகள் தண்ணீர்க் குடமும் மீன்கூடையும் சுமந்தவளே. அவளுடைய முதுகு வலிக்கிறதா என்று பங்கில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.