தாயின் தவமும் சேயின் வினையும்

ஈன்றாள் ஒருத்தி செய்த சிவபுண்ணியம் அவள் வயிற்றிற் பிறந்தார்க்கும், அவர்தம் மக்கட்கும் சென்று பயன்படுமோ படாதோ என்னும் வினா இல்லறத்தார் பலர் உள்ளத்தும் எழுவதொன்றாம். மூதாட்டியார் ஒருவர் சிவனடி சேர்ந்தவழி, அவர் செய்த புண்ணியமே இக்குடியைக் காத்து நிற்கின்றது எனச் சுற்றத்தார் கூறுதல் உலக வழக்கு. இதனை அன்பின் மொழியெனக் கொள்வதிற் குற்றமில்லை. சித்தாந்த உண்மையாகக் கொள்ளப் புகின் இடர்ப்பாடு விளையும்.

உயிர்கள் எண்ணிறந்தன. ஒவ்வொன்றும் அநாதியே ஆணவத்தாற் பிணிக்கப்பட்டது. ஒவ்வொன்றற்கும் கன்மம் வேறு. தாய் தந்தையர் மகவுக்கு உதவுவது உடம்பேயன்றி உயிரன்று. அவ்வுடம்பும் மாயையினின்று, அவ்வுயிரின் பழவினைக்கு ஏற்ப, இறைவனாற் கூட்டப்படுவது. ஒருத்தி உண்டமையால் அவள் மகன் பசி தீர்வதில்லை. மகவு கருவில் இருந்த பத்துத் திங்களே அதற்கு விலக்கு. மகன் செய்த தீவினை தாயைச் சாராதெனின், தாய் செய்த நல்வினையும் மகனைச் சாராதென்றே கொள்ளல் வேண்டும். ஒன்றை ஏற்று மற்றொன்றை நெகிழவிடுதல் நடுவுநிலைமை அன்று.

அற்றேல், கோச்செங்கட்சோழ நாயனார் வரலாறு என்னாம் எனின், கூறுதும். அந்நாயனாரின் அன்னையார் கமலவதியார், மகவு ஒரு நாழிகை தாழ்த்துப் பிறப்பின் உலகாளும் எனக் கணியர் கூறக்கேட்டு, தம் கால்களை மேலே பிணிப்பித்துத் தலைகீழாகத் தொங்கி அந்நாழிகையைக் கழித்தார். மகவின் சிவந்த கண்களை ஒருமுறை நோக்கியவுடன் உயிர் நீத்தார். மைந்தன் அரசெய்தியது தாயின் செயலால் அன்றோ என்பார், அவ்வரலாற்றின் முற்பகுதியை மறந்தவராவர். அம்மகவாய் வந்த உயிர் திருவானைக்காவில் இறைவன் திருமுடிமேல் வலையால் நிழல் செய்த சிலந்தி. தொண்டு சிலந்தியினது, அன்னையார் தந்தது பிறத்தற்கு ஒரு நாழிகை. அந்நாழிகைக்குத் தம் உயிரையே விலையாகத் தந்தனர் என்பது அத்தாயின் பெருமை. அதனாற் சிலந்தியின் தொண்டு அவர் தொண்டு ஆகிவிடாது.

இனி, வரலாறு நன்கறிந்த ஓர் அன்னையாரின் வாழ்வை இவ்வினாவோடு பொருத்திக் காண்பது தகும். அவர் மழவர்குடி மகளாரும், திருவிசைப்பா அருளிய கண்டராதித்த சோழரின் தேவியாரும் ஆகிய செம்பியன் மாதேவியார். கி. பி. 957-ஐ ஒட்டிக் கணவனார் மறைந்தபொழுது மகன் உத்தமன் அரசேற்கும் பருவத்தன் அல்லன். அரியணை கணவனாரின் தம்பி வழியிற் சென்றது. அக்குடியிலேயே சுந்தரசோழர் தேவியாராகிய வானவன் மாதேவியார், கணவனார் இறந்தவழித் தம் மகவைப் பிரிந்து தீயிற் புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டுக் கூறும். செம்பியன் மாதேவியாரோ மகவின் பொருட்டும் மகாதேவன் பொருட்டும் உயிர்தாங்கி நின்றார். தீயிற் புகுதல் ஒருபொழுதில் முடிவது. இவர் ஏற்ற கைம்மை நாற்பது ஆண்டுக்கு மேற்பட்டது. புகழ்வோர் முன்னதையே மிகுத்துப் புகழ்ந்தமை உலகியல்பு போலும்!

அந்நாற்பது ஆண்டும் அவர் செய்த பணி யாது? செங்கல்லால் ஆகிய பழந்தளிகளைக் கருங்கற் றளிகளாக எடுப்பித்தலே. திருநல்லம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி, திருமுதுகுன்றம், திருவாரூர் அரநெறி முதலிய தலங்கள் இதற்குச் சான்று. திருக்கோடிகாவிற் பழங்கோயிலைப் பிரித்துக் கட்டியபொழுது, பல்லவர் முதலிய முன்னையோர் ஈந்த கொடைகளைக் கூறிய எழுத்துக்கள் பழங்கற்களோடு சிதறிக் கிடந்தன. அவற்றை அழியவிடாமற் படியெடுத்துப் புதுச்சுவரிற் பொறிப்பித்தார். இது பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. விளக்கிற்கு ஆடு ஈந்த பெயர் தெரியாத் தொண்டனது அறத்தையும் தம் அறத்தின் கீழ்ப் புதைய விடாத இச்செயல், கோயில் எடுப்பித்ததினும் அரியதென்று தோன்றுகின்றது. அவரவர் வினை அவரவர்க்கே என்னும் உண்மையை உள்ளத்துக் கொண்டாரன்றிப் பிறர் இதனைச் செய்யார்.

திருநல்லத்துக் கோயிலைக் கணவனார் திருப்பெயரால் எடுப்பித்தமை பற்றி ஓர் ஐயம் நிகழக்கூடும். மாண்ட கணவன்மேற் கொண்ட பற்றுப் பாசமன்றோ, அது திருப்பணியைக் களங்கப்படுத்தாதோ என்பது அது. அக்கோயிற் சுவரிற் கண்டராதித்தர் உருவம் இன்றும் உளது. அது அரியணை மேலது அன்று. சிவலிங்கத் திருமேனியை வழிபடும் அடியார் கோலத்தது. தம் அன்பிற்கு உரியாரை இறைவன் திருமுன் நிறுத்தி, அங்கேயே கண்டு ஆறுதல் பெற்றார் அம்மாதரசியார். பற்று எதனைப் பற்றுகின்றது என்பதைப் பொறுத்தே அது கட்டாவதும் வீட்டுநெறி ஆவதும். உரியவனை விடுத்து உறவைப் பற்றுவது கட்டு. உறவையும் உரியவனிடத்து ஒப்படைப்பது அன்பு.

மகன் திறத்தில் வருவதே கடிய சோதனை. சுந்தரசோழரின் மூத்த மைந்தர் ஆதித்த கரிகாலர் கி. பி. 969-ஐ ஒட்டிக் கொலையுண்டார். அதன்பின் உத்தமசோழர் அரசெய்தினார். கொலைஞரின் சுற்றத்தாருடைய நிலங்களைப் பற்றிய இராசராசரது 2-ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்பாரைக் குறிப்பதன்றி உத்தமரைக் குறிக்கவில்லை. எனினும் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமர்பால் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். இத்தகைய சிவநேயச் செல்வியாரின் மகன் கொலைக்கு உடன்படுவனோ என்று வினவி அமைவாரும் உளர். வழக்கின் முடிவு சான்றுகளால் வரற்பாலது. ஆனால், தாய் தூயள் ஆதலின் மகனும் தூயன் என்னும் வாதம் சித்தாந்திக்கு ஆகாது. அவ்வாறே, மகன் குற்றமுடையன் என நாளை ஒருவர் நாட்டினும் அன்னையார் ஏற்றிய விளக்கொன்றும் அவியாது. இதனை ஒப்புதல் தாயர்க்கு எளிதன்று. மகனது சிறப்பைத் தம் தவப்பயன் எனக் கொள்ளும் உள்ளம், அவன் வீழ்ச்சியையும் தம் பிழையெனக் கொண்டு அழும். அவ்வழுகையை ஆற்றுதற்கு வினைக்கொள்கையின் மிக்க மருந்து வேறில்லை.

ஆயின், தாய் சேய்க்குத் தருவது ஒன்றும் இல்லையோ எனின், உளது. வினை நுகர்தற்குத் தனு கரணங்களேயன்றிப் புவனமும் வேண்டும். மழவிற்குத் தன் இல்லமே முதற் புவனம். அவ்வில்லத்தில் வைகறையில் எழுந்து நீறணிந்து பூக்கொய்யும் ஒருத்தி இருப்பின், அக்காட்சி அதன் கண்ணுக்கு உணவாகும். பாட்டியின் கைப்பற்றிக் கோயிலுக்குச் சென்ற சிறுவனுக்குச் சரியை இன்னதென்று பின்னர் எவரும் விரித்துரைக்க வேண்டா. புண்ணியம் அவனுக்கு வந்தது அன்று. புண்ணியம் செய்யும் வழி கண்ணிற் பட்டது. அவ்வழியில் நடத்தல் அவன் கால்களுக்கு உரியது. பக்குவத்திற்கு ஏற்ற இல்லத்தில் உயிரைப் பிறப்பித்தல் இறைவன் அருட்செயல் ஆதலின், தாயும் பாட்டியும் அவ்வருளின் கருவியராதல் சாலும்.

பேரன் என்னுஞ் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது பொருள். உத்தமசோழரின் மகனார் எனப்படும் மதுராந்தகன் கண்டராதித்தனார் அவ்வாறே பாட்டனார் பெயரைத் தாங்கினார். அரசுரிமை அவரைச் சாரவில்லை. இராசராசர் காலத்தில் திருக்கோயிற் காரியங்களை ஆராயும் பணியில் அவரைக் காண்கின்றோம். அம்மன்னரது 7-ஆம் ஆட்சியாண்டில் திருவல்லத்து இறைவனுக்கு ஆயிரங் கலச நீராட்டுச் செய்வித்த அவர், அங்கு அமுதுபடி குறைந்திருத்தலைக் கண்டு, உரியாரை அழைத்து வினாவினார் என்று கல்வெட்டுக் கூறும். இறைவன் முன் வைத்த அமுதின் அளவை நோக்கும் கண் அவருக்கு எங்ஙனம் வாய்த்ததென்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அந்நாளிற் பாட்டியார் உயிரோடு இருந்தார்.

உத்தமசோழர் ஆட்சி கி. பி. 985-இல் முடிந்த பின்னும் அன்னையார் ஏறத்தாழப் பதினாறு ஆண்டு வாழ்ந்து திருப்பணிகளைத் தொடர்ந்தார். நாகப்பட்டினத்திற்கு அண்மையில் அவர் பெயராலேயே வழங்கும் ஊரில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாட் சிறப்பிற்கு மருமகளார் நிவந்தம் வைத்தனர். அவ்வூர்க் கோயிலில், கி. பி. 1019-ஐ ஒட்டி, அவரது திருவுருவத்தை எழுந்தருளுவித்தவர் முதலாம் இராசேந்திரர். அவர் அன்னையாரின் வயிற்று வழியினர் அல்லர். கணவனாரின் தம்பி அரிஞ்சயருக்குக் கொள்ளுப்பேரர்.