நிரபராதியின் சுமை

2001இல் யப்பானின் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட ‘கியாக்குத்தென் சைபான்’ என்னும் வீடியோ விளையாட்டின் நாயகன் நருஹோதோ, ஓர் இளஞ் சட்டத்தரணி. 2012இல் தக்காஷி மீகே நடிகரைக் கொண்டு அவனைத் திரைப்படத்தில் உலவவிட்டார்.

இரண்டிலும் கட்சிக்காரரை அவன் மீட்கும் வழி பெரும்பாலும் ஒன்றே: மூன்று நாட்களுக்குள் உண்மைக் கொலையாளியை மன்றில் காட்டவேண்டும். நாமும் பார்த்து மகிழ்கிறோம். ஆயின், குற்றத்தை நிரூபிப்பது அரசின் பொறுப்பன்றோ? அப்பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவன் தோளுக்கு மாறியதை ஏன் மறந்தோம்?

இது வெறுங் கற்பனையன்று. யப்பானில் குற்றவியல் வழக்குகளில் 99 வீதத்துக்கு மேற்பட்டவை தண்டனையிலேயே முடிகின்றன. 1968இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட இவாவோ ஹக்கமாதா நிரபராதியெனத் தீர்க்கப்பட்டது 2024இலேயாம். அதற்காக அவர் தமக்கையும் சட்டத்தரணிகளும் பல்லாண்டு போராடவேண்டியிருந்தது.

வீரன் வந்தாலும் வராவிட்டாலும் எளியவனைக் காக்கும் நீதிமன்றையே நாம் வேண்டுகிறோம்.